ஒரு நட்சத்திரம் போட்ட திறமை

என் தம்பி லிஃப்ட் உதிரிபாகக் கிடங்கில் ஸ்டோர் கீப்பர். நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, ஆயத்த ஆடை ஆலையில் செக்கிங் பிரிவில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் ஒரு பக்கமாவது எழுதி அதை வெளியார் படித்தார்கள் என்றால் அது அவன் ஒருவன்தான். அவன் எழுதியதைப் பதினோராயிரம் பேர் இணையத்தில் இறக்கிப் படித்தார்கள். எண்ணிக்கை அந்தத் தளத்திலேயே இருந்தது. நான் வாரம் ஒருமுறை பார்த்துக் குறித்துவைப்பேன்.

அவன் எழுதியது ஒரு விளையாட்டுக்கான வழிகாட்டி. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்வார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். வாள்வீரன், வைத்தியச்சி, திருடன், இப்படி. முடிவைப் பகடை சொல்லும். பாத்திரம் ஒரு படி ஏறும்போதெல்லாம் விதிப்புத்தகத்திலிருந்து ஒரு திறமையை எடுத்துக்கொள்ளலாம். புத்தகத்தில் மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு திறமைகள். புதிதாக வருகிறவன் எதை எடுப்பான்? திருவிழாவில் தொலைந்த குழந்தை மாதிரி முழிப்பான். அவனுக்காகத்தான் தம்பி ஒவ்வொரு திறமைக்கும் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் போட்டான்.

வாய்க்கு வந்தபடி போடவில்லை. ஞாயிறு மதியங்களில் அவன் கூட்டம் வெல்டர் அண்ணன் பட்டறையின் மாடியில் ஆடும். வெல்டர் அண்ணன் கதை நடத்துவார். மருந்துக்கடை அக்கா, டிரைவிங் ஸ்கூல்காரர், தம்பி மூவரும் ஆடுவார்கள். எந்தத் திறமைக்கு எத்தனை முறை வாய்ப்பு வந்தது, எத்தனை முறை பலித்தது என்று தம்பி நோட்டில் கோடு போட்டுக்கொண்டே இருப்பான். அவனுக்கு அங்கே பெயரே 'ஸ்கேலு'.

"ஏன்டா ஸ்கேலு, நாங்க ஆடறோம், நீ கணக்கெடுப்புக்கு வந்த ஆள் மாதிரி உக்காந்திருக்கியே," என்பார் வெல்டர் அண்ணன்.

நட்சத்திரத்தின் பக்கத்தில் காரணமும் எழுத வேண்டும் என்று சொன்னது நான். ஆலையில் பழுதான சட்டைக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். காரணம் எழுதாத ஸ்டிக்கரால் தையல்காரிக்கு என்ன லாபம்? அதனால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதினான். நான் எல்லாவற்றையும் படித்து, பிழை பார்த்து, பென்சிலால் டிக் போட்ட பிறகுதான் வெளியே போகும்.

நூற்று நாற்பத்தேழாவது திறமை 'குறுக்கே நிற்றல்'. கூட்டாளி மேல் விழும் அடியை நாம் வாங்கிக்கொள்வது. கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும் என்பது விதி. அறுபத்திரண்டு ஆட்டத்தில் அதற்கு வாய்ப்பு வந்தது மூன்றே முறை. தம்பி ஒரு நட்சத்திரம் போட்டு எழுதினான்: "வீண். யாரும் யார் பக்கத்திலும் நிற்பதில்லை." நான் டிக் போட்டேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. மூன்று மணி நேர ரயில் தூரத்தில் உள்ள மருத்துவமனையில் வேலை செய்யும் ஒரு ஹெட் நர்ஸ். "எங்கள் மேசையில் 'குறுக்கே நிற்றலு'க்குத்தான் ஐந்து. வந்து பாருங்கள்" என்று எழுதியிருந்தார். தம்பிக்குச் சுருக்கென்றது. அடுத்த சனிக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினான். நானும் கூடப் போனேன்.

"வாங்க, ஒரு நட்சத்திரம் சார்!" என்று வரவேற்றார் அந்த அம்மா. நர்ஸ்களின் ஓய்வறை. சுவரோரம் லாக்கர்கள், நடுவில் நீள மேசை, நாலு நர்ஸ்கள்.

அந்த அம்மாவின் பாத்திரம் ஒரு கிழட்டுக் காவல்காரி. ஏழு வருடமாக ஒரே பாத்திரம். எல்லாப் படியிலும் 'குறுக்கே நிற்றலை'ச் சுற்றியே அவளை வளர்த்திருந்தார். அன்று மதியம் மட்டும் பதினான்கு முறை அவள் குறுக்கே நின்றாள். தம்பியின் பேனா நிற்கவேயில்லை.

"எங்க ஆளுங்க பக்கத்துல நிக்கறதே இல்லைங்க. கதவு திறந்தா ஆளுக்கொரு திசையில ஓடுவாங்க," என்றான்.

"நாங்க வார்டுல எட்டு மணி நேரம் தோளோட தோள் இடிச்சுட்டு நிக்கறவங்க தம்பி. இங்க வந்து மட்டும் எங்க ஓடறது?" என்றார் அந்த அம்மா. "உங்க வழிகாட்டியைப் படிச்சுட்டு, இதோ இந்தப் பொண்ணு என் காவல்காரியை மாத்தச் சொல்லி உயிரை வாங்கினா."

"அது போன மாசம் சிஸ்டர், விடுங்களேன்," என்றாள் அந்தப் பெண்.

ரயிலில் தம்பி நோட்டிலிருந்த கோடுகளை மறுபடி எண்ணினான். பிறகு சொன்னான்: "நான் தப்பா எண்ணல அக்கா. எண்ணினது சரிதான். எண்ணின இடந்தான் தப்பு. நான் நட்சத்திரம் போட்டது திறமைக்கு இல்ல, எங்க நாலு பேருக்கு."

மறுநாளே திருத்தினான். சேர்ந்து நிற்கும் கூட்டத்துக்கு ஐந்து, சிதறி ஓடும் கூட்டத்துக்கு ஒன்று. படித்தவர்கள் திட்டினார்கள். "ஒண்ணா அஞ்சா, தெளிவா சொல்லுங்க சார்" என்றார் ஒருவர். "வயசாயிடுச்சு போல" என்றார் இன்னொருவர். அதற்குள் பழைய பட்டியலை நாலு தளங்கள் நகலெடுத்துப் போட்டிருந்தன. அங்கே திருத்தம் போகவில்லை.

பிறகு விளையாட்டுக் கம்பெனி புதிய பதிப்பு வரப்போவதாக அறிவித்தது. நீக்கப்போகும் திறமைகளின் பட்டியலில் நூற்று நாற்பத்தேழும் இருந்தது. தம்பி ஒன்பது பக்கக் கடிதம் எழுதினான், நர்ஸ்கள் மேசையின் பதினான்கு கோடுகளோடு. நான் மூன்று முறை படித்துப் பிழை பார்த்தேன். ஐந்து வாரம் கழித்து மூன்று வரியில் பதில் வந்தது. புத்தகம் அச்சுக்குப் போய்விட்டதாம். அந்தத் திறமையை இப்போது யாரும் எடுப்பதே இல்லையாம். ஆட்டக்காரர்களின் வழிகாட்டிகளே அதை வீண் என்கின்றனவாம்.

யாரும் ஏன் எடுக்கவில்லை? இவன் வீண் என்றதால். கம்பெனி ஏன் நீக்கியது? யாரும் எடுக்காததால்.

"ஒரே வரியில ஒரு கிழவியை முடிச்சுட்டியேடா ஸ்கேலு," என்றார் வெல்டர் அண்ணன். சிரிக்கத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

ஹெட் நர்ஸுக்குத் தம்பியே எழுதி மன்னிப்புக் கேட்டான். பதில் வந்தது. "கோபம் இல்லை தம்பி. புதிய விதியில் இவளுக்கு இடமில்லை, மற்றவர்கள் புதியதுக்கு மாறுகிறார்கள். போன வாரம் இவளைக் கடைசியாக ஒருமுறை ஆடி முடித்தேன். உங்கள் வழிகாட்டியை இனி நாங்கள் படிக்கப்போவதில்லை."

நட்சத்திரமே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். தரம் பிரிப்பதுதான் என் பிழைப்பு; அது இல்லாவிட்டால் புதியவன் இருநூற்றுப் பன்னிரண்டில் மூழ்கிப்போவான். ஆனால் யார் மேசையில் அளந்தது என்பதையும் எழுத வேண்டும். அதைக் கேட்க எனக்கும் தோன்றவில்லை. டிக் என்னுடையது.

புதிய பதிப்புக்கு இப்போது தம்பி எழுதுகிறான். எந்தக் கூட்டத்துக்கு, எப்போது என்று காரணம் மட்டும், நட்சத்திரம் இல்லை. இதுவரை இறக்கியவர்கள் முப்பத்தாறு பேர்.

"யாரும் யார் பக்கத்திலும் நிற்பதில்லை" என்ற பழைய வரி மட்டும் அந்த நாலு தளங்களிலும் தம்பியின் பெயரோடு கிடக்கிறது. எடுத்துவிடச் சொல்லி நாலு பேருக்கும் எழுதினோம். ஒருவர் மட்டும் பதில் போட்டார்: "அதை எதுக்கு சார் எடுக்கணும்? நீங்க எழுதினதுலயே நச்சுன்னு இருக்கறது அது ஒண்ணுதான்."