படிக்காமல் விட்ட கடைசிப் பக்கம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஜவ்வாது மலைக்குக் கிராம நர்ஸாக வந்த முதல் வாரமே ஊருக்கு அது தெரிந்துவிட்டது. என் வாய்க்குத் தோதாக ஒரு புத்தகமும் கையில் இருந்ததுதான் வினையாகப் போயிற்று.

அதை எழுதியவர் ஒரு பாதிரியார். நான் பிறப்பதற்கு முன்பே காலமானவர். சபைப் பத்திரிகையில் மாதாமாதம் இரண்டு மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். அதையெல்லாம் சேர்த்துப் போட்ட தொகுப்பு அது. நர்சிங் படிக்கும்போது என் அறைத்தோழி மறந்து விட்டுப்போனது, அட்டை கிழிந்து என்னிடமே தங்கிவிட்டது. நான் கும்பிடுகிற சாமி வேறு. ஆனாலும் இருபது வருஷமாகத் திரும்பத் திரும்பப் படிப்பது அதைத்தான். கடவுளைப் பற்றி எழுத உட்கார்ந்து மனுஷனைப் பற்றி எழுதிவிடுவார். லாரியை ரிவர்ஸ் எடுக்கும்போது கிளீனர் கத்துவதுபோல, கொஞ்சம் லெஃப்ட், இன்னும் கொஞ்சம் என்று கடவுளுக்கே வழி காட்டி ஜெபம் பண்ணுவார் ஒருவர். உபவாச நாற்பது நாளும் கோபமே படமாட்டேன் என்று ஒரு அம்மாள் சபதம் எடுக்க, நாற்பத்தொன்றாம் நாளை நினைத்து வீடே நடுங்கும். சிரித்து முடித்தபிறகு, அட, அந்த அம்மாள் நான்தானே என்று உறைக்கும்.

தங்கலும் மலையிலேயேதான். மாசி, பங்குனியில் அங்கே புளி வேலை நடக்கும். இன்றைக்கு ஒரு வீட்டு வாசல், நாளைக்கு அடுத்த வீட்டு வாசல் என்று எல்லாரும் கூடி உட்கார்ந்து ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுப்பார்கள். மத்தியானத்தில் எனக்கு வேலை இருக்காது. ஒருநாள் அவர்களோடு உட்கார்ந்து ஒரு கட்டுரையைப் படித்துக் காட்டினேன். மதம் மாற்றுகிற வேலையோ என்று ஊர்க்கவுண்டர் சந்தேகமாகத்தான் நின்றார். லாரி ஜெபத்தைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டார். என் மச்சானை இந்த ஆளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். அதற்குப் பிறகு என்னைப் பார்த்தாலே, பாதிரியாரு இன்னிக்கு இன்னா சொல்றாரு என்பதுதான் பேச்சு. செத்து எத்தனையோ வருஷமானவரைப் பக்கத்து ஊரில் இருப்பவர் மாதிரி விசாரிப்பார்கள்.

கேட்க வருகிறவர்களில் ஒருவர் சாமை விதைக்கிற விவசாயி. ஐம்பது வயது இருக்கும். எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகுதான் இவர் சிரிக்க ஆரம்பிப்பார். இவருடைய தம்பி வீடு நாலு வீடு தள்ளி. இருவருக்கும் ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை. வரப்பில் நிற்கும் ஒரு புளியமரத்தை ஒரு வருஷம் அண்ணனும் மறு வருஷம் தம்பியும் உலுக்கிக்கொள்ள வேண்டும் என்று அப்பா முறை வைத்துவிட்டுப் போனார். அண்ணன் முறையில் ஒரு வருஷம் மரம் காய்க்கவே இல்லை. காய்க்காத வருஷம் முறையில் சேருமா சேராதா என்று ஆரம்பித்த சண்டை அது. இன்றுவரை முடியவில்லை.

இந்த வருஷம் தம்பிக்குக் காசநோய் வந்தது. ஆறு மாதம், ஒரு நாள் தவறாமல் மாத்திரை போட வேண்டும். காலையில் நானே போய் என் எதிரில் விழுங்கவைத்துவிட்டு வருவேன். ஆள் பாதியாகிவிட்டார். அவர் மனைவி காட்டுக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள். அண்ணன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாதிரியார் வாயால் ஒரு குத்து குத்தினால் உறைக்குமே என்று நினைத்தேன். என் புத்தி போன போக்கைப் பாருங்கள்.

அதற்குத் தோதான கட்டுரை ஒன்று இருந்தது. ஒருவர் தினமும் முழங்காலிட்டு எல்லாரையும் மன்னிப்பார். எந்தக் காலத்திலோ செத்துப்போன கொடுங்கோல் ராஜாவை மன்னிப்பார், சிப்பாய்களை மன்னிப்பார், கோழி திருடியவனை மன்னிப்பார், கடிக்கிற கொசுவைக்கூட மன்னிப்பார். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற தம்பியின் முறை வரும்போது மட்டும் ஒரு இருமல் வரும். சட்டென்று ஆமென் சொல்லி எழுந்துவிடுவார். வாசலில் அத்தனை பேரும் குலுங்கிச் சிரித்தார்கள். நானும் அதோடு புத்தகத்தை மூடிவிட்டேன். கடைசிப் பக்கம் ஒன்று பாக்கி இருந்தது. அதைப் படித்தால் சிரிப்பு கெட்டுவிடும்.

சிரிப்பு அடங்கும்போது எல்லார் கண்ணும் அந்த அண்ணன்மேல் இருந்தது. அவர் மடியில் இருந்த புளியைத் தட்டிவிட்டு எழுந்தார். அந்த நேரம் பார்த்து ஒருத்தி, "ஆமென்" என்றாள். சிரிப்பு இன்னொரு தரம் கிளம்பியது. அவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

மறுநாள் காலையில் மாத்திரையோடு போனேன். தம்பி கட்டிலில் உட்கார்ந்திருந்தார், கை நீட்டவில்லை.

"எங்கண்ணன நாலு பேரு எதிர்ல சிரிப்பா சிரிக்க வெச்சீங்களாமே. உங்க கையால எனக்கு மாத்திர வாணாங்க."

நீங்கள்தான் அவரோடு பேசுவதே இல்லையே என்று வாய் விட்டேன்.

"நான் பேசாம இருப்பேன். அது எங்க வூட்டு சமாச்சாரம். நீங்க யாரு?"

மாத்திரையை அவர் மனைவி கையில் கொடுத்துவிட்டு வந்தேன். அதைத் தூக்கி எறிந்துவிட்டார். இரண்டாம் நாளும் அதே கதை. மூன்று, நான்கு என்று நாள் போயிற்று. நடுவில் நிறுத்தினால் பிறகு மருந்துக்கே அடங்காமல் போகும் நோய் அது. இருமல் சத்தம் தெருமுனை வரை கேட்டது. ஒரு ஆளைச் சாகடிக்கப் பார்க்கிறேனே என்று அழுதேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் புத்தகத்தையும் மாத்திரையையும் எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் அரிவாளுக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். வா என்று சொல்லவில்லை. தம்பி மாத்திரை வாங்க மறுப்பதையும் அதற்கு அவர் சொன்ன காரணத்தையும் சொன்னேன். கை நின்றது. வேண்டுமென்றேதான் அந்தக் கட்டுரையைப் படித்தேன், அதையும் முழுக்கப் படிக்கவில்லை, ஒரு பக்கம் விட்டுவிட்டேன் என்றேன். படிங்க என்றார்.

நின்றபடியே படித்தேன். அந்த ஆமென் ஆள் வேறு யாருமில்லை, நான்தான் என்று எழுதியிருக்கிறார் பாதிரியார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மன்னிப்பைப் பற்றி இவர் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போது தம்பி இறந்துபோன செய்தி வருகிறது. அன்றைக்கு ஜெபத்தில் இருமல் வரவில்லை என்பதோடு கட்டுரை முடிகிறது. இருபது வருஷமாக நான் அந்த மனுஷரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது இதனால்தான். யாரைக் கிண்டல் செய்தாலும் கடைசியில் தன்னையும் கொண்டுவந்து அந்த வரிசையில் உட்காரவைத்துவிடுவார். நான் அவரை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டுக் கிண்டலை மட்டும் கையில் எடுத்துக்கொண்டேன்.

"அவுரு தம்பி செத்துட்டானா?" என்று கேட்டார் அண்ணன்.

"ஆமாங்க."

"இவுரு போய் பாக்கவே இல்லியா?"

"இல்லீங்க."

அரிவாளைக் கீழே வைத்தார். பிறகு மாத்திரைக்காகக் கையை நீட்டினார்.

"எந்நேரத்துக்குக் குடுக்கணும்?"

மறுநாள் காலையில் அண்ணன் போய், தம்பி வீட்டு வாசற்படியில் மாத்திரையையும் ஒரு சொம்புத் தண்ணீரையும் வைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாராம். புருஷன் தூக்கி எறிந்துவிடுவாரோ என்று தம்பி மனைவிக்குப் பதைப்பு. தம்பி அந்த முதுகையே பார்த்தபடி விழுங்கினாராம். சொம்பைப் படியில் வைக்கும் சத்தம் கேட்டதும் அண்ணன் திரும்பாமலே நடந்துவிட்டார். அன்றிலிருந்து ஒரு நாள் தவறவில்லை.

பாதிரியாரு இன்னா சொல்றாரு என்று இப்போது என்னை யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் எனக்குப் படிக்கத் தைரியமில்லை. தம்பிக்கு இருமல் குறைந்து, உடம்பில் சதை பிடித்திருக்கிறது. இன்னும் இரண்டு மாதத்தில் மாத்திரை முடிந்துவிடும். இதுவரை அண்ணனும் தம்பியும் ஒரு வார்த்தை பேசியதில்லை. மாத்திரை முடிந்தபிறகு அந்தப் படிக்கு வர அண்ணனுக்கு என்ன சாக்கு இருக்கிறது? ராத்திரியும் பகலும் எனக்கு இதே கவலை. நோயாளிக்கு மாத்திரை தீர்ந்துவிடக் கூடாதே என்று சாமியை வேண்டிக்கொள்கிற நர்ஸ் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.