வெயில் காணாத சுவரின் சூடு

இதைப் படித்துவிட்டு "கட்டுக்கதை" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் பிதுக்கிக்கொள்ளுங்கள். எனக்கென்ன வந்தது? அந்தச் சுவரைக் கட்டியவள் நான். அதில் சாய்ந்து கிடந்தவளும் நான். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் "போய் வேலையைப் பாரு" என்று விரட்டுகிற குன்ஸேஸைத்தான் லடாக்கில் என்னோடு மண் குழைத்த எல்லோருக்கும் தெரியும். அந்த நானே சொல்கிறேன். நடந்தது.

நானும் என் கணவன் மோருப்பும் மண் வீடு கட்டுகிறவர்கள். எங்கள் ஊருக்கு மேலே, கணவாய்க்குப் போகும் வழியில், தியானத்துக்கு வருகிறவர்கள் தங்க ஒரு விடுதி கட்டிக்கொண்டிருந்தோம். அடுப்பே இல்லாத வீடு. ஒரு சுள்ளிகூட எரிக்கக் கூடாது. தெற்குச் சுவருக்கு வெளிப்பக்கம் கறுப்புப் பூசி, அதற்கு முன்னால் கண்ணாடி போட்டிருந்தோம். பகலில் வாங்கிய வெயிலை அந்தச் சுவர் ராத்திரி அறைக்குள் விடும். வெயில் இல்லையென்றால் ஒன்றும் கிடையாது.

சுவருக்குப் புது மண் தோண்டவில்லை. எங்கள் பக்கத்தில் மண்ணில் கை வைக்குமுன் ஜோசியரிடம் நாள் கேட்டு, நிலத்துக்குரிய தெய்வத்திடம் அனுமதி வாங்க வேண்டும். அந்த மாதம் நாளே இல்லை என்றுவிட்டார் அவர். "பழைய மண்ணுக்கு எதுக்குய்யா நாள்? ஏற்கெனவே தோண்டினதுதானே?" என்றேன் நான். ஊர்க் கோடியில் யாங்டோல் அக்காவின் வீடு ஆளில்லாமல் இடிந்து கிடந்தது. அவர் லே நகருக்குப் போய் வருடக்கணக்காகிறது. ஊர்த்தலைவர் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அந்த மண்ணை அள்ளிவந்து, உடைத்து, நனைத்து, பலகைகளுக்கு நடுவே கொட்டி, இடித்து இறுக்கிச் சுவர் எழுப்பினோம். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அப்போது எனக்கு எட்டாம் மாதம். அதற்கு முன் இரண்டு தங்கவில்லை. இதுவாவது தங்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே கிடையாது.

அன்று காலையிலிருந்து வயிற்றில் அசைவே இல்லை. ஊர் நர்ஸ் பத்மா வந்து, கருவியை வயிற்றில் வைத்து, இங்கே அங்கே என்று வெகுநேரம் கேட்டாள்.

"துடிக்குதா?" என்றேன்.

"உடனே லே ஆஸ்பத்திரிக்குப் போ."

"துடிக்குதாடி?"

"போன்னா போயேன்! என்ன கேள்வி கேட்டுக்கிட்டு?"

என் முகத்தைப் பார்க்காமலே பையைக் கட்டினாள்.

லேக்குக் கணவாய் வழியாகத்தான் போக வேண்டும். ஜீப்பில் கிளம்பினோம். விடுதியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பனி வழியை மூடியிருந்தது. திரும்பும்போது சக்கரம் புதைந்துவிட்டது. போனில் சிக்னல் இல்லை. என்னை நடத்திக் கொண்டுவந்து விடுதிக்குள் படுக்க வைத்தான் மோருப்.

"ராணுவ முகாமுக்கு நடந்து போய் ஆள் கூட்டிட்டு வரேன்."

"இந்தப் பனியிலயா? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"பின்ன, ரெண்டு பேரும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா?"

தன் கோட்டையும் என்மேல் போட்டுவிட்டுப் போனான். இருட்டிவிட்டது.

மூன்று நாளாக வானம் மூடிக் கிடந்தது. சுவரில் துளிச் சூடு இருக்காது என்று எனக்குத் தெரியும். குப்பியில் தண்ணீர் உறைந்துபோயிருந்தது. அடுப்பில்லாத வீடு என்று பெருமையடித்தவளுக்கு நன்றாக வேண்டும் என்று அழுதேன். சுவரைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தேன்.

கை சுட்டது.

தரைக்குச் சற்று மேலே, ஒரு ரொட்டி அளவு இடம். அங்கே மட்டும் சூடு. சுற்றிலும் பனிக்கட்டி. ஒன்றரை அடிக் கனச் சுவர் ஓரிடத்தில் மட்டும் சூடாகாது. கட்டியவளுக்குத் தெரியாதா? கை மரத்துப்போச்சு, அதான் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அப்போது சத்தம் கேட்டது...

சுவரின் அடியில், காற்று வந்துபோகச் சின்னத் துவாரம் விட்டிருந்தோம். அதில் காற்று உள்ளே போனது... வெளியே வந்தது... உள்ளே... வெளியே...

பெரியவர்கள் அப்படி மூச்சு விடமாட்டார்கள். அவ்வளவு வேகம். அவ்வளவு சின்ன மூச்சு.

அடுத்த மூலைக்குத் தவழ்ந்து போனேன். சுவரைத் தொட்டேன்.

அங்கேயும் அதே ரொட்டி அளவுச் சூடு. நான் போன இடத்துக்கு அதுவும் வந்திருந்தது.

போனில் மணி 9.40.

டுப்... டுப்...

சுவருக்கு உள்ளேயிருந்து.

ஓடியிருப்பேன். வெளியே போனால் சாவு. வயிறோ கல்லாகக் கனத்தது. எனக்குப் பயம்கூடத் தீர்ந்துவிட்டது.

"யாரா இருந்தாலும் சரி," என்று கத்தினேன். "என் புள்ளயக் காப்பாத்து. உனக்கு என்ன வேணுமோ எடுத்துக்கோ!"

வயிற்றை அந்தச் சூட்டின்மேல் அழுத்தினேன்.

டுப்... டுப்...

நின்றது.

மூச்சும் நின்றது.

சுவர் ஜில்லென்று ஆனது.

என் வயிற்றுக்குள்... ஓர் உதை.

விடியும்போது மோருப் வீரர்களோடு வந்தான். மறுநாள் லே ஆஸ்பத்திரியில் பையன் பிறந்தான். கொழுகொழுவென்று இருந்தான்.

ஒரு மாதம் கழித்து யாங்டோல் அக்கா பார்க்க வந்தார். வெண்ணெய் டீயைத் தொடவில்லை.

"சமையல்கட்டு மண்ணையும் எடுத்தீங்களா?"

"எல்லாத்தையும்தான். ஏன்க்கா?"

"அந்தச் சுவருக்குள்ள என் புள்ள இருந்தான்."

பிறந்த ஏழாம் நாள் இறந்த குழந்தை. அப்படிப் போன சிசுவைச் சுவரில் வைத்து மூடினால் அதே வீட்டில் திரும்ப வந்து பிறக்கும் என்று எங்களில் சிலர் செய்வதுண்டு. அந்த மண்ணை நாங்கள் சம்மட்டியால் உடைத்திருந்தோம்.

"பன்னெண்டு வருஷம் காத்திருந்தேன்," என்றார். "வரவே இல்ல. அதான் வீட்ட விட்டேன்."

அவர் போனதும் பத்மாவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அன்னிக்கு உன் வயித்துல துடிப்பு இல்ல குன்ஸேஸ். அரை மணி நேரம் தேடினேன். நின்னு போயிருந்துச்சு. உன்கிட்ட எந்த வாயால சொல்லுவேன்?"

யாங்டோல் அக்கா இப்போதும் மாதாமாதம் வருகிறார். "ஒரே ஒரு தடவ தூக்கிக்கிறேன்மா" என்று கெஞ்சுகிறார். யாரிடமும் போகாத என் பையன், அவரைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டுகிறான்.

நான் கொடுப்பதில்லை.