சாரக்காலில் கட்டிய தூளி

கொல்லங்கோட்டில் என் கணவர் கட்டட காண்டிராக்ட் எடுத்துச் செய்கிறார். சென்ற வருஷம் இங்குள்ள கொத்தர்களும் சித்தாள்களும் சங்கம் சேர்ந்தார்கள். இனிமேல் சங்கத்து ஆட்களையே வைத்துக்கொள்வதாக அவர் ஒப்புக்கொண்டபோது எனக்குப் பயமாக இருந்தது. அவர்கள் கேட்டவற்றில் ஒன்று, சித்தாள்களின் குழந்தைகளுக்குச் சுவரை விட்டு விலகி ஒரு கொட்டகை. அதுவரை தூளிகளை, கொத்தர்கள் ஏறி நின்று வேலை செய்யும் சாரத்தின் மூங்கில் காலிலேயே கட்டி வந்தார்கள்.

"இன்னிக்குக் கொட்டகை, நாளைக்கு என்ன கேப்பாங்களோ?" என்று அவரிடம் புலம்பினேன்.

ஒருநாள் கைக்குழந்தையோடு அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். குழந்தைக்குத் தூக்கம் வந்துவிட்டது. கொட்டகையில் மற்றக் குழந்தைகளோடு விடத் தயங்கி, நிழலிலிருந்த சாரக்காலில் சேலையைத் தூளியாகக் கட்டினேன். மருதாயி என்ற சித்தாள் சாந்துச் சட்டியை இறக்கிவிட்டு வந்தாள்.

"ஏனுங்கம்மிணி, அங்க கட்டக்கூடாதுங்க. சங்கத்துல பேசுனதுங்க."

"அது உங்களுக்குப் பேசுனதுதானே?"

"விழுகிற கல்லுக்கு மொதலாளி கொழந்தைன்னு தெரியுமுங்களா?" என்று சிரித்தபடியே முடிச்சை அவிழ்த்தாள்.

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் குழந்தையைக் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். அவருக்கு இலை போடுவதற்குள் சாரத்து மூங்கில் ஒன்று முறிந்து, நான் தூளி கட்டிய இடத்தில் செங்கற்கள் சரிந்தன. யாருக்கும் அடியில்லை. மருதாயியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

சங்கத்தோடு ஒப்பந்தம் பேசும் காண்டிராக்டர் வீட்டார், அது ஆட்களின் நன்மைக்கு மட்டும் என்று என்னைப் போல் நினைத்துவிட வேண்டாம். இப்போதெல்லாம் புது வேலை தொடங்கினால், கொட்டகை போட்டாயிற்றா என்று முதலில் கேட்பவள் நான்தான். என் குழந்தையின் தூளியும் மருதாயி மகனுடைய தூளிக்குப் பக்கத்தில்தான் ஆடுகிறது.