சிவப்புச் சீமெந்து நிலம்

எங்கள் பக்கத்தில் வீடில்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை இல்லை. மகள் பிறந்த அன்றே வாப்பாமார் கல்லுக்கும் மணலுக்கும் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். எனக்கான வீட்டை உம்மா நெல் குத்தியே கட்டிவிடுவார் என்று என் வாப்பா கேலி செய்வார். தெருவுக்கெல்லாம் கூலிக்கு நெல் குத்திய கை அது. பிறகு சந்தியில் மில் வந்தது. உரல் வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில் சாய்ந்தது. வாப்பாவின் வயல் கூலி சோற்றுக்கே காணவில்லை. எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது உம்மா வீட்டுவேலைக்குக் குவைத் போனார்.

வாப்பா அடுப்பு ஊதப் பழகினார். அவர் ஆக்கிய சோறு ஒருநாள் களி, மறுநாள் அரிசி. என்றாலும் உம்மாவின் காசில் சுவர் எழுந்தது, ஓடும் ஏறியது. இரண்டு வருடம் முடிகிற நேரம், எழுத்துத் தெரியாத வாப்பா என்னைக் கடிதம் எழுத இருத்தினார்.

"கட்டினது காணும், வந்திரட்டாம் எண்டு எழுது புள்ள."

கட்டியது போதும், வந்துவிடுங்கள் என்று அப்படியே எழுதினேன். அவர் முத்திரை வாங்கப் போன நேரம் அடியில் நானாக ஒரு வரி சேர்த்தேன். உம்மாவின் தங்கை, என் சாச்சி, வீட்டில் போட்டிருப்பதுபோல எனக்கும் சிவப்புச் சீமெந்து நிலம் வேண்டும் என்று. சாச்சியின் மகள் என்னை மண்நிலத்துக்காரி என்று பழித்திருந்தாள்.

உம்மா இன்னும் இரண்டு வருடம் நின்றார். வேலை செய்த வீட்டார் விடவில்லை என்று பதில் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டியதும் நான்தான். என் வரியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. தப்பினேன் என்று சந்தோசப்பட்டேன்.

உம்மா வந்த அன்று பகல், புதுச் சிவப்பு நிலத்தில் பாய் விரித்து, சஹன் என்ற பெருந்தட்டில் எல்லோருக்கும் சேர்த்துச் சோறு வைத்து, எல்லோரும் சுற்றி இருந்தோம். உம்மா மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒரு கதிரை இருந்தாத் தாங்க."

உட்கார எங்கள் வீட்டில் கதிரை ஏது? வாப்பா கோடிக்குப் போய், பழைய உரலைத் தூக்கிவந்து கவிழ்த்து வைத்தார். உம்மா அதில் உட்கார்ந்து தனிப் பீங்கானில் தின்றார். வெளிநாட்டுக் காசைக் கண்டதும் சஹன் கசக்கிறது என்று சாச்சி முணுமுணுத்தார். எனக்கும் அப்படித்தான் பட்டது. கோபத்தில் உம்மாவின் முகத்தைப் பாராமலே சாப்பிட்டு எழுந்தேன்.

நாலு வருடம் முழங்காலில் நின்று பிறர் வீட்டு நிலம் துடைத்தவருக்குக் கால் மடங்காது என்று எனக்கு அன்று தெரியாது. அதில் இரண்டு வருடம் என்னுடையது.

வீடு இப்போதும் என் பெயரில்தான் இருக்கிறது. மௌத்தாகும்வரை உம்மா ஐந்து வேளையும் அந்த உரலில் உட்கார்ந்துதான் தொழுதார்.