சில்லில்லாத சிவப்புக் கார்

அந்தப் பெட்டிக்குள் தொண்ணூற்று நான்கு துண்டுகள் இருந்தன. மூன்று முறை எண்ணினேன். இரண்டாம் முறை ஒன்று குறைந்ததால்தான் மூன்றாம் முறை. பக்கக் கண்ணாடி ஒன்று என் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

பெட்டி ஏறாவூர் நானாவுடையது. மட்டக்களப்புக் கந்தோரில், நாங்கள் வேலை செய்த இடத்தில், எனக்கு அடுத்த மேசை அவருக்கு. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். சவூதியிலிருந்து வந்த மைத்துனர் அவருக்குக் கொடுத்தது, இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் சிறிய உரு. இருபத்து நான்கில் ஒரு பங்கு. பிளாஸ்டிக் சட்டங்களில் கொத்துக் கொத்தாக இருந்த துண்டுகளை நகவெட்டியால் நறுக்கி, மத்தியானச் சோற்றுக்குப் பிறகு இருவரும் சேர்ந்து செய்தோம்.

நிறம் அடிக்கத் தொடங்கியதும் கந்தோர்த் தூசி ஒட்டியது. ஆகவே அவரவர் வீட்டில் வைத்துச் செய்யப் பங்கு பிரித்தோம். மேற்கூடு எனக்கு. இஞ்சின், ஆசனம், அடித்தட்டு, டயர் மாட்டிய சில்லு நான்கு, பசைக்குழாய் எல்லாம் அவருக்கு. அவர் கொண்டுபோகுமுன் எண்ணிக் காட்டச் சொன்னேன்.

"சீதனம் எண்ணினாப் போல எண்ணுறீங்களே தம்பி. என்ட நிக்காஹ்லயும் இப்பிடி ஒருத்தரும் எண்ணல்ல."

"பொண்ணு காணாமப் போகாது நானா. இந்த நட்டுப் போகும்."

அவர் கை நிதானமானது. ஈர்க்குச்சி நுனியால் மீட்டருக்கு வெள்ளை முள் வரைவார். பழுதான ரேடியோவின் மெல்லிய கம்பியை இஞ்சினுக்கு வயராக வைத்தார். மருந்துக்கட்டுப் பிளாஸ்திரியை நூலகலம் கீறி ஆசனப் பட்டியாக்கினார். நானோ கூட்டைத் தண்ணீரில் நனைத்த மணல்தாளால் உரசி, சைக்கிளுக்கு அடிக்கிற சிவப்பு எனாமலை ஐந்து தடவை மெல்லப் பூசினேன். மனைவி நகத்துக்குப் பூசும் கியூடெக்ஸை முதலில் கூட்டின் உட்புறத்தில் பூசிப் பார்த்தது நல்லதாய்ப் போயிற்று. அது பிளாஸ்டிக்கைத் தின்றுவிட்டது.

ஐந்தாம் பூச்சுக் காய்வதற்குள் தமிழ், முஸ்லிம் ஊர்களுக்கிடையே வெட்டுக்குத்து; பாதை மூடிவிட்டது. அவருடைய ஊரிலும் எங்கள் பக்கத்திலும் வீட்டுக்கு வீடு அழுகை. பஸ் இல்லை, கடிதம் இல்லை. ஒருவர் ஊருக்குள் மற்றவர் கால்வைக்க முடியாத காலம். அடுத்த மேசை வெறுமையாகக் கிடந்தது. அவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கக்கூட ஆள் இல்லை.

எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேல் சில்லில்லாமல் கிடந்தது சிவப்புக் கூடு.

பொருட்கள் வராத அந்த வருடங்களில் எதற்கும் பதிலாக ஒன்று செய்துகொள்வோம். ஜாம் போத்தலில் விளக்கு, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள். கந்தோர்க் களஞ்சியக்காரர் மருந்துக் குப்பிகளின் ரப்பர் மூடிகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "இந்தா, நாலு டயர். அச்சு அசலா இருக்கு, என்ன?" உண்மையில் அச்சு அசலாகத்தான் இருந்தன. மனைவியும் சொன்னாள்: "பூவரசங் கொப்பில நாலு வட்டம் வெட்டினா முடிஞ்சுது. ஏன் இப்பிடிப் பார்த்துப் பார்த்து ஏங்கிறீங்க?"

நான் செய்யவில்லை. வேறு சில்லுப் போட்டால், அவர் வரமாட்டார் என்று நானே முடிவுகட்டியதாகிவிடும். மூடிகளைத் திருப்பிக் கொடுத்தேன். களஞ்சியக்காரர் கோபித்துக்கொண்டார்.

மாரி கழிந்து, பகலில் ஒன்றிரண்டு பஸ் ஓடத் தொடங்கிய பிறகு, ஒரு நாள் கந்தோர் வாசலில் நானா. மெலிந்திருந்தார். தாடி நரைத்திருந்தது. அவர் பையைத் திறந்து ஒரு காரை என் மேசையில் வைத்தார்.

முழுக் கார். பால்மாப் பேணித் தகரத்தில் வெட்டி மடித்த மேற்கூடு, பாண் விற்கிற வான் போல உயர்ந்து, அவலட்சணமாக. கீழே எங்கள் சில்லுகள்.

காரை அவர் பக்கம் தள்ளினேன். "நீங்க வேற கூடு செஞ்சிட்டீங்க. நான் இவ்வளவு நாளும் சும்மா வச்சிக்கிட்டு இருந்தன்."

"நீங்க இரிக்கீங்களா இல்லையாண்டு ஆரிட்டக் கேக்கிற தம்பி? சில்லு நாலும் ராப்பகலா என்னப் பாத்துக்கிட்டே கிடந்திச்சி." பிறகு காரைக் கவிழ்த்தார். தகரக் கூட்டைச் சைக்கிள் டியூபில் வெட்டிய ஒரு வார்தான் பிடித்திருந்தது. "ஒட்டல்ல. உங்கட கூடு வந்தா இதக் கழட்டோணுமே."

அன்று அரை நாள் லீவு போட்டேன். வீட்டுக்கு வந்து கூட்டை அடித்தட்டில் வைத்தோம். முன்பக்கம் பொருந்தியது. பின்பக்கம் நெல் போகிற இடைவெளி. சும்மா கிடந்து கூடு வளைந்திருக்க வேண்டும். உரசிப் பார்ப்போம், நாளைக்கு ஒட்டுவோம் என்றேன்.

"நாளைக்கா? நாளையக் கண்ட ஆக்கள் மாதிரி. பிடிங்க அங்கால." பசையைத் தடவி அவர் ஒரு பக்கம் அழுத்தினார், நான் மறுபக்கம். விட்டால் எழும்பிவிடும்.

"நானா, உங்கட பஸ்..."

"அடுத்ததுல போறன்."

"அடுத்தது இல்ல. மூண்டு மணியோட சரி. இப்ப ரெண்டே முக்கால்."

"கை எடுத்திராதீங்க!" என்று அதட்டினார். "பஸ் போகட்டும். இங்கதான் படுக்கிறன். மனிசிட்டச் சொல்லுங்க, அரிசி கூடப் போடச் சொல்லி."

ஏறாவூர்க்காரர் ஒருவர் எங்கள் தெருவில் இரவு தங்குவதா? அயலார் என்ன சொல்வார்கள், அவர் வீட்டில் எவ்வளவு பயப்படுவார்கள், பாய் இரண்டுதானே இருக்கிறது? எழுந்துபோய் மனைவியிடம் கேட்கவும் வழியில்லை, விரல் பசையில்.

"மீன்தான் இருக்கு," என்று அடுப்படியிலிருந்து மனைவி கேட்டாள். "நானா வாவி மீன் சாப்பிடுவாரா?"

"புளி கூட விடச் சொல்லுங்க," என்றார் நானா, கண்ணைக் காரிலிருந்து எடுக்காமல்.