குக்கர் விசிலுக்குக் குதித்தது

எழுத உட்கார்ந்தால் எனக்குக் கை கோணும். ஐந்தாவதோடு நிறுத்தினவள். எது முன்னே நடந்தது, எது பின்னே நடந்தது என்பதும் இப்போது கலைந்து போகிறது. தப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த ஒரு விஷயத்தை யாரிடமும் சொன்னதில்லை. எழுதிவிட்டாலாவது நெஞ்சு லேசாகுமா என்று பார்க்கிறேன்.

அப்போது மேனாம்பேட்டில் மாடியில் ஒரு போர்ஷனில் குடியிருந்தோம். வருஷம் எண்பத்தெட்டோ எண்பத்தொன்பதோ. எனக்கு நாற்பது வயது இருக்கும். கிறுகிறுப்பு வந்து டாக்டரிடம் போனதில், சர்க்கரை தொடங்கியிருக்கிறது, தினமும் வேகமாக நடக்கணும் என்றார். எனக்குத் தெருவில் தண்ணீர்க் குடத்தோடு போகவே கூச்சம். வேலை எதுவும் இல்லாமல் சும்மா கை வீசி நடந்தால் நாலு பேர் என்ன ஏது என்று கேட்பார்களே. ஊசி போட்ட நர்சம்மாவிடம் அதை மெதுவாகச் சொன்னேன்.

"வெக்கமா இருக்குதா? அப்போ ஊட்டுக்குள்ளயே குதிம்மா. மூச்சு வாங்குற வரிக்கும் வேகமா குதி, கொஞ்சம் நில்லு, மறுபடி குதி. பத்து நிமிஷம் போதும். ஆனா ஏமாத்தாம குதிக்கணும்," என்றாள்.

எங்கள் வீட்டுக் கடிகாரம் நினைத்தால் ஓடும், நினைத்தால் நிற்கும். அதனால் குக்கரை வைத்துக் கணக்கு வைத்துக்கொண்டேன். பத்து மணிக்கு அவர் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போயிருப்பார்கள். கதவைத் தாழ் போட்டு, புடவையைத் தூக்கிச் செருகி, பருப்பை அடுப்பில் ஏற்றுவேன். முதல் விசில் வந்ததும் முட்டி வயிற்றைத் தொடுகிற மாதிரி குதிப்பேன். அடுத்த விசில் வரும்வரை நிறுத்தமாட்டேன். அப்புறம் ஒரு விசிலுக்கு நிற்பேன். மறுபடி ஒரு விசிலுக்குக் குதிப்பேன். எட்டு விசில் ஆகும். பருப்பு குழைந்து போகும். "சாம்பாரா கூழா இது?" என்று அவர் கேட்பார். பருப்பு புதுசு என்று சொல்லிவிடுவேன்.

இரண்டு மூன்று மாதத்தில் உடம்பு மாறியது. மாடிப்படி ஏறினால் இரைக்கவில்லை. டாக்டரும் சர்க்கரை இறங்கிவிட்டது என்றார். எனக்கு ஒரே பூரிப்பு. காலுக்குக் கீழே ஒரு வீடு இருக்கிறது என்பது அந்தப் பூரிப்பில் நினைவே வரவில்லை.

கீழே இருந்தது வீட்டுச் சொந்தக்காரர்கள். அந்த மனிதருக்கு தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட். காலையில் வந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார். மாடியில் எங்களுக்குப் பக்கத்துப் போர்ஷனில் ஒரு பெண், முப்பது வயதுக்காரி, புருஷனும் கைக்குழந்தையுமாக இருந்தாள். இரும்பு உரலில் பருப்புப் பொடி இடித்து, பொட்டலம் கட்டி, கம்பெனிக்குப் போகிற பெண்களுக்கு விற்பாள். எட்டு மணிக்குள் இடித்து முடித்து உரலைக் கவிழ்த்துவிடுவாள்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள் வீட்டுக்காரம்மா படியேறி வந்தாள். நானும் அந்தப் பெண்ணும் வராந்தாவில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தோம்.

"இன்னாம்மா, எம் புருசன் தலை மேலயா உரல வச்சிகினு இடிக்கிற? பத்து மணி ஆனா தொம்மு தொம்முனு. மனுசன் கண்ணு செவந்துகினு வேலைக்குப் போவுது."

"நானா? எட்டு மணிக்கே உரல கவுத்துர்றேன்க்கா. அப்பால கொழந்தயத் தூங்க வைக்கிறேன். வேணும்னா இந்தக்காவ கேளு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தொம்மு தொம்மு நான்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாற்பது வயசுப் பொம்பளை புடவையைச் செருகிக்கொண்டு குதிக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? தெருவே சிரிக்குமே. "குக்கர் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கறதில்லீங்க," என்றேன்.

அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கோபம் இல்லை. "அக்காக்கு கேக்கலயாம்," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாளிலிருந்து குதிப்பதை நிறுத்தினேன். சத்தம் நின்றுவிட்டால் பேச்சும் நின்றுவிடும் என்பது என் கணக்கு. அங்கேதான் நான் பெரிய தப்புப் பண்ணினேன். நாலு நாள் கழித்து வீட்டுக்காரம்மா என்னைத் தண்ணிக் குழாயடியில் பிடித்தாள்.

"பாத்தியா? நான் கேட்டேன், அடங்கிட்டா. அப்போ அவதான? சத்தம் கூட பரவால்ல, மூஞ்சிக்கு நேரா பொய் சொல்றா பாரு. பொய் சொல்றவளுக்கு எங்க ஊட்ல எடம் கெடயாது. ஆடி பொறக்கறதுக்குள்ள காலி பண்ணச் சொல்ட்டேன்."

ஆடியில் யாரும் வீடு மாறமாட்டார்கள். அப்படியென்றால் இன்னும் ஆறே நாள். அந்த ஆறு நாளும் காலையில் எழுந்ததும் இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று நினைப்பேன். இரண்டு தடவை பாதிப் படி இறங்கினேன். ஒரு தடவை கதவையே தட்டிவிட்டு, கொஞ்சம் புளி இருக்கா என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

காலி பண்ணுகிற அன்று வாசலில் மூன்று சக்கர மீன்பாடி வண்டி வந்து நின்றது. சாமான் ஏற்ற அவள் புருஷனும் வண்டிக்காரரும் போதவில்லை. குழந்தை இடுப்பில் இருந்ததால் அவளால் உரலைத் தூக்க முடியவில்லை. நான் குனிந்து தூக்கி, படியெல்லாம் ஒரே மூச்சில் இறங்கி வண்டியில் வைத்தேன்.

"யக்கா, இன்னா தெம்பு உனக்கு. எம் புருசனே ரெண்டு வாட்டி கீழ வச்சி வச்சிதான் தூக்குவாரு. இன்னாக்கா துண்ற?" என்று சிரித்தாள்.

அப்போதாவது சொன்னேனா? இல்லை. இடுப்பிலிருந்த குழந்தையின் காலைத் தொட்டுவிட்டு மேலே வந்துவிட்டேன். அந்தத் தெம்பு எங்கே இருந்து வந்தது என்று எனக்குத்தானே தெரியும்.

அப்புறம் அந்த வீட்டில் நான் குதிக்கவே இல்லை. குதித்தால் மாட்டிக்கொள்வேன், அதுதான் காரணம். அதைத் திருந்தினது என்று சொன்னால் அது இன்னொரு பொய். சர்க்கரை மறுபடி ஏறியது. மாத்திரை போடத் தொடங்கினேன். பக்கத்துப் போர்ஷனில் வேறு ஆட்கள் வந்தார்கள். வீட்டுக்காரம்மா எல்லோரிடமும், அவள் போனாள், வீடு நிம்மதியாச்சு என்பாள். நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அந்தப் பெண்ணும் புருஷனும் வேப்பம்பட்டுக்குப் போனார்கள் என்பது மட்டும் நினைவில் இருக்கிறது. அங்கே முன்பே மனை வாங்கிக் குடிசை போட்டிருந்தார்கள், எப்படியும் போயிருப்பார்கள் என்று என் பெரிய மகள் சொல்கிறாள். எனக்கு அப்படி ஒன்றும் ஞாபகம் இல்லை. என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறாளோ என்னவோ. அந்தக் காலத்தில் அந்தத் தெருவில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த மனை முன்பே வாங்கினதா, வெளியே அனுப்பின பிறகு வாங்கினதா என்று மட்டும் விசாரித்துச் சரி பார்த்துச் சொல்லுங்கள். எது உண்மையோ அதையே சொல்லுங்கள்.