மூன்றாவது படம்

அணைத்து வைத்திருந்த போனை அக்கா மறுபடி உயிர்ப்பித்தபோது மணி மூன்று பத்து. உடனே அழைப்பு வந்தது. வேன் கொட்டகைக் காவலாளி ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். ஸ்டியரிங் மேல் சாய்ந்து கிடந்த தம்பியைத் தூக்கி வந்தார்களாம். இப்போதுதான் உயிர் போனதாம்.

மனசுக்கே தெரியாமல் மனசில் உட்கார்ந்திருக்கும் பாரபட்சத்தைக் குழு குழுவாக ஆட்களுக்கு எடுத்துக் காட்டுவது அவள் வேலை. யாரையும் கூனிக்குறுக விடமாட்டாள். திரையில் நான்கு முகங்களைப் போட்டு, இவர்களில் குடிகாரர் யார் என்று பெயர் எழுதாத சீட்டில் குறிக்கச் சொல்வாள். சீட்டெல்லாம் மூன்றாவது படத்துக்கே குவியும். சிவந்த கண், உப்பிய கன்னம், நெற்றியில் தழும்பு. அது தம்பி. ஒன்பது வருஷமாக ஒரு சொட்டுகூடத் தொடாதவர், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார் என்று அவள் சொன்னதும் அறை வாயடைத்துப்போகும். முடிவு செய்யும் முன் ஐந்து எண்ணுங்கள் என்பாள். அவ்வளவுதான் பாடம்.

படத்தைத் தந்தவனே அவன்தான். சாயங்காலம் தவறாமல் கூப்பிடுவான்.

"இன்னிக்கு எத்தன ஓட்டுக்கா? ஜெயிச்சிட்டேனா?"

ஒருவரும் குறிக்காத நாளில் அவளை வேனில் ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டுவதாகப் பந்தயம். அந்த நாள் வரவே இல்லை.

அன்று ஆள் தேர்வு செய்யும் அலுவலர்கள் இருபத்திரண்டு பேர். சீட்டுகளை வாங்கி உறையில் போட்டு ஒட்டும்போது, பதினொன்றரைக்கு, அவன் அழைத்தான். வராந்தாவுக்கு வந்து எடுத்தாள். நாக்குக் குழறியது. 'அக்கா' பாதிதான் வந்தது. அப்புறம் 'வா, வா' என்று மட்டும்.

அவள் ஒன்றுகூட எண்ணவில்லை.

"பட்டப்பகல்லயே ஆரம்பிச்சிட்டியா? ஒன்பது வருஷம் இருந்தியேடா."

போனை அணைத்தாள். முகம் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். மூன்றாவது படத்தின் கதையை அன்று சொல்லவில்லை; வாய் வரவில்லை. மனசு உடைந்தாலும் நிலைகுலையாமல் நிற்பது எப்படி என்ற அடுத்த பாடத்துக்குப் போனாள். நன்றாகவே நடத்தினாள். இரண்டு பேர் கண்கலங்கினார்கள்.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு, அதில் பேச்சு அப்படித்தான் குழறும் என்றார் டாக்டர். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாமாம்.

"குடிச்சிருந்தானா டாக்டர்?"

"வாடையே இல்லையேம்மா. ஏன் கேக்கறீங்க?"

அதற்குப் பிறகு எந்தக் குழுவின் முன்னும் அவள் நிற்கவில்லை.

உறை ஒட்டியபடியே அலமாரியில் இருக்கிறது. அந்த இருபத்திரண்டு சீட்டுகளை யாரும் எண்ணவில்லை.